எழுதாமல் விட்ட ஊசி

கூனிமேட்டுக்குப் பக்கத்தில், ஈசிஆர் ஓரமாக இருக்கும் முதியோர் இல்லத்தில் நான் நர்ஸ். நாற்பது பேருக்கு மாத்திரை, ஊசி கொடுத்துவிட்டு சார்ட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. "கட்டம் காலியா இருந்தா மருந்து கொடுக்கலன்னு அர்த்தம்" என்று இன்சார்ஜ் சிஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதை நான் வேதமாகவே எடுத்துக்கொண்டேன்.

மாடியில் ஒரு பெரியவர் இருந்தார். மரக்காணத்து உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். மகன் குவைத்தில். மகள் உப்பு வாரும் வேலை முடித்து ஞாயிறுதோறும் வருவாள். சர்க்கரைக்கு அவருக்குக் காலையில் இன்சுலின். ஊசி என்றால் பயம். தினமும் என்னைப் பார்த்ததும், "இப்பத்தாம்மா போட்டாங்க" என்பார். நாங்கள் சிரிப்போம்.

அன்று எனக்கு பஸ் கிடைக்காமல் தாமதமாகிவிட்டது. போனபோது அவருடைய கட்டம் காலியாக இருந்தது. ஊசியை எடுத்தேன்.

"சிஸ்டரம்மா போட்டுட்டாங்கம்மா. சத்தியமா."

"தினமும் இதே பாட்டுதானா?"

அவர் கையை இழுத்துக்கொண்டார். நான் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துப் போட்டேன். நேரத்தை எழுதி அழகாகக் கையெழுத்திட்டேன். கீழே இறங்கி இன்சார்ஜிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நாலு இட்லியையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, "இன்னொண்ணு குடும்மா, பசிக்குது" என்றார். சர்க்கரை ஏறிவிடும் என்று தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

பத்து மணிக்குப் பார்த்தபோது சட்டை முழுக்க வேர்வை. கண் ஒரு பக்கமாகச் செருகியிருந்தது. சர்க்கரை முப்பதுக்கும் கீழே. வாயில் ஊற்றிய குளுக்கோஸ் தண்ணீர் கடைவாயில் வழிந்தது. ஓடிவந்த இன்சார்ஜ் சார்ட்டைப் பார்த்தார்.

"நீயும் போட்டியா?"

நான் வருவதற்கு முன்பே அவர் போட்டிருந்தார். ஓனரிடமிருந்து போன் வந்ததால் எழுத மறந்து கீழே போயிருந்தார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்தப் பக்கத்தைக் கிழித்தார். புதுப் பக்கம் ஒன்றை என் முன்னால் வைத்தார். "ஒரு ஊசிதான். சரியா சாப்பிடல. எழுது. இல்லன்னா ரெண்டு பேரும் உள்ள போவணும்." எழுதினேன். காலை உணவு: பாதி. கிழித்த பக்கத்திலிருந்த பழைய நாட்களின் கையெழுத்துகளையும் வேறு வேறு பேனாவில் போட்டேன்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மகளிடம் சொன்னார், "ஊசி போட்டுட்டு சாப்பிடாம இருந்திருக்காரும்மா." அவள் படுக்கையில் கிடந்தவரின் தோளை உலுக்கினாள். "ஏன் நைனா சாப்பிடல? இந்த வயசுல என்னா பிடிவாதம்?" அவர் கண் திறந்துதான் இருந்தது. அவளை யாரென்று தெரியவில்லை. அப்புறம் தெரியவே இல்லை. பேச்சும் வரவில்லை. நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் அவரை வீட்டுக்கு அழைத்துப் போனாள். மூன்றாம் மாதம் இறந்துபோனார்.

காரியம் முடிந்த மறுநாள் மரக்காணம் போனேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அன்னிக்கு சாப்பிட்டாரா?"

"நாலு இட்லி. இன்னொண்ணு கேட்டாரு. நான்தான் தரல."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "சோறு ஊட்டுறப்ப வாயைத் தொறக்க மாட்டாரு. சாப்பிடாமதான நீ இப்படி ஆனன்னு கன்னத்துலயே அடிப்பேன். எத்தினி நாளு அடிச்சேன் தெரியுமா? ஒண்ணும் சொல்லாம என்னையே பார்ப்பாரு."

பிறகு குவைத்துக்கு போன் போட்டாள். அண்ணனிடம் எதுவும் சொல்லாமல் போனை என் கையில் திணித்தாள். "நீயே சொல்லு."

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா சிஸ்டர்?"

"தர்றேங்க" என்றேன்.

அதே இல்லத்தில்தான் இன்னும் வேலை பார்க்கிறேன். எழுதித் தரவில்லை.