பாட்டு கேட்டது, என் குரல் கேட்கவில்லை

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. போன மாதம் பஜாரில் ஒயர்லெஸ் ஹெட்செட் வாங்கினேன். கடையில் பாட்டு போட்டுக் கேட்டபோது பிரமாதமாக இருந்தது.

அடுத்த வாரம் ராணிப்பேட்டை கம்பெனி ஒன்றிலிருந்து சூப்பர்வைசர் வேலைக்குப் போனிலேயே பேட்டி எடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நின்று ஹெட்செட்டில் பேசினேன். "ஒரே இரைச்சலா இருக்கும்மா, நீங்க பேசறது கேக்கல" என்று போனை வைத்துவிட்டார்கள்.

அன்று மாலையே வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். "பாட்டு நல்லா கேக்குதில்ல? அப்புறம் இன்னா கம்ப்ளைண்ட்?" என்றார் கடைக்காரர். "பேஜார் வேணாம், வா போலாம்" என்றார் என் வீட்டுக்காரர். நான் நகரவில்லை. ஹெட்செட்டையும் என் போனையும் கொடுத்து, கடைக்காரரை ரோட்டில் நின்று வீட்டுக்காரர் போனுக்குப் பேசச் சொன்னேன். கடைக்குள் அந்தப் போனை ஸ்பீக்கரில் போட்டேன். கடையிலிருந்த அத்தனை பேருக்கும் பஸ் ஹாரன்தான் கேட்டது. திரும்பி வந்தவர் வேறொரு ஹெட்செட்டை எடுத்து வைத்தார். அதை நானே ரோட்டில் நின்று பேசிப் பார்த்த பிறகுதான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அந்தக் கம்பெனிக்கு நானே போன் செய்து, "இன்னொரு வாட்டி பேட்டி எடுங்க சார்" என்றேன். எடுத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை, ஆனால் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவர்களுக்குக் கேட்டது.

இனிமேல் ரோட்டில் நின்று பேசிப் பார்க்க விடாத கடையில் நான் ஹெட்செட் வாங்க மாட்டேன். யார் முகம் சுளித்தாலும் சரி.