பூங்காவில் ஒரு சமையலறை

மனை விற்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பொட்டல் காட்டில் நின்றுகொண்டு, இல்லாத வீட்டின் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிடப் பார்ப்போம். எனக்கும் பத்து வருஷமாக அந்த வியாதி இருக்கிறது. நாற்பத்தேழு வயதில் மறுபடியும் பாடம் படிக்கச் சொன்னார்கள். இதே மாதிரி அரைக்கிழ வயதில் நோட்டும் பேனாவும் வாங்கப் போய் நின்றவர்களுக்கு என் கதை புரியும்.

போனா, மாடியா

திண்டுக்கல்லில் நான் ஏஜென்ட்டாக இருந்த கம்பெனியில் ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாத ஏஜென்ட் யாரும் மனைக்கு ஆள் கூட்டி வரக் கூடாது என்று மேனேஜர் சொன்னார். பயிற்சி இரண்டு விதம். ஒன்று ஆன்லைனில், வீட்டில் இருந்தபடியே போனில் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில், ஞாயிற்றுக்கிழமை தோறும் நேரில் போய் உட்கார வேண்டும்.

ஒரு வாரம் முழுக்க எனக்கு அதே யோசனை. ஸ்கூட்டரில் போகும்போது போன்தான் சரி என்று படும். சிக்னலில் நிற்கும்போது, இல்லை, நேரில் போவதுதான் படிப்பு என்று தோன்றும். என்னோடு அதே கம்பெனியில் இருந்த ஆரோக்கியத்திடம் கேட்டேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:

“போன்ல படிச்சா எப்ப வேணா நிப்பாட்டிக்கிறலாம் ராணிக்கா. நேர்ல போனா நிப்பாட்டவே முடியாது. உங்களுக்கு எது பயம்னு பாத்துக்கங்க.”

மிக்சியில் சாய்ந்த டீச்சர்

எனக்கு நிப்பாட்ட முடியாததுதான் பயம். அதனால் போனில் சேர்ந்தேன். போனை மிக்சியில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரிப்பேன். பாடம் எடுத்த பெண்ணுக்கு அப்படி ஒரு குரல், வெயில் தாழ்ந்தபின் வரும் காற்று மாதிரி. ‘தாய்ப்பத்திரம்’ என்பாள். என் மனசு கிளம்பிவிடும். யார் யாரோ எழுதி வைத்த பத்திரங்கள், அதில் வரும் கிழக்கே இன்னாருடைய கிணறு, மேற்கே இன்னாருடைய புளியமரம், இப்போது கிணறும் இல்லை மரமும் இல்லை, எழுத்தில் மட்டும் நிழல் விழுந்துகொண்டிருக்கிறது என்று எங்கெங்கோ போய்விட்டு வருவேன். திரும்பும்போது திரையில் ‘இந்தப் பாடத்தை முடித்துவிட்டீர்கள், வாழ்த்துகள்’ என்று பூ கொட்டிக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு பாடத்தின் நடுவில்தான் நெய்க்காரப்பட்டியிலிருந்து தண்டபாணி கூப்பிட்டார். தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி. மகளுக்குத் திண்டுக்கல்லில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. பிள்ளை ஹாஸ்டலில் இருக்க வேண்டாம், ரெட்டியார்சத்திரம் பக்கம் மனை வாங்கி வீடு கட்டினால் எல்லோரும் சேர்ந்து இருக்கலாம் என்று கணவனும் மனைவியும் முடிவு செய்திருந்தார்கள். நான் பாட்டுக்கு மனையின் நீள அகலத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, பின்னால் அந்தப் பெண் பத்திரப்பதிவுச் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“ஏனுங்க, பள்ளிக்கூடத்துல இருந்து பேசறீங்களா? பாடம் முடியட்டுமுங்க, நான் அப்புறமா கூப்பிடறனுங்க.”

இருபத்து மூன்றாம் நம்பர்

அந்த வாரமே இருவரையும் மனைக்குக் கூட்டிப் போனேன். காலை வெயில் இன்னும் சூடு பிடிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மல்லிகை பறித்து முடித்திருந்தார்கள், வாசம் மட்டும் போகாமல் நின்றிருந்தது. முழங்கால் அளவு புல்லில் பனி. இருபத்து மூன்றாம் நம்பர் கல்லைக் காட்டினேன். தண்டபாணி மண்ணை எடுத்துக் கையில் தேய்த்துப் பார்த்தார். அவர் மனைவி மயிலாத்தாள் மண்ணைத் தொடவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மனையின் நாலு மூலைக்கும் நடந்தார். பிறகு ஒரு இடத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

நானும் அவரோடு அந்த வீட்டுக்குள் போய்விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். குக்கர் சத்தம் கேட்டது, டியூட்டி முடிந்து வரும் மகளின் காலடி கேட்டது. தண்டபாணி கூடக் குரலைத் தாழ்த்தி, அடுத்த வாரம் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றார். அந்த அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சொன்னார்:

“சமையக்கட்டு இங்கதானுங்க. அடுப்புக்கிட்ட நின்னா பிள்ளை வர்றது தெரியோணும்.”

மாடி வகுப்பு

இதற்கிடையில் போன் படிப்பு என்னைக் கைவிட்டது. மாதிரித் தேர்வில் பாதிக்கு மேல் தப்பு. சந்தேகம் கேட்டு எழுதினால், ‘உங்கள் கேள்விக்கு நன்றி’ என்று பதில் வந்தது, விடை வரவில்லை. மறு ஞாயிறே மாடி ஏறினேன். ஆரோக்கியம் ஏற்கனவே கடைசி பெஞ்சில் இருந்தார்.

கீழே பிரியாணிக் கடை. பதினொரு மணிக்கு தம் உடைத்தால் வகுப்பு முழுக்க ஒரு பெருமூச்சு போகும். ஜன்னலில் மலைக்கோட்டை. மேகத்தின் நிழல் அந்தப் பாறைமேல் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரத்தைத் தொலைக்கலாம். தொலைத்துக்கொண்டும் இருந்தேன். பாடம் எடுத்தவர் ஒரு வக்கீல், என் மகள் வயதுதான் இருக்கும். போனில் வந்த பெண்ணுக்கு நான் இருந்தால் என்ன, போனால் என்ன. இவர் நேராக என் பெஞ்சுக்கு வந்து மேஜையைத் தட்டினார்.

அன்றைய பயிற்சி, அவரவர் விற்கிற மனையின் விளம்பர மேப்பையும், அரசு அனுமதி கொடுத்த மேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது. கம்பெனி எனக்குக் கொடுத்திருந்தது விளம்பர மேப் மட்டும்தான். அனுமதி மேப்பை அவரே கம்ப்யூட்டரில் எடுத்து அச்சடித்துக் கொடுத்தார். “அக்கா, உங்க இருபத்து மூணாம் நம்பர் மேல விரலை வைங்க. இதுல அதே இடத்தைக் கண்டுபிடிங்க. என்ன போட்டிருக்கு?” என்றார். நான் படித்தேன். வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். “பூங்கா” என்று படித்தேன்.

ஊருக்குப் பொதுவாக ஒதுக்கிய இடம். யாருக்கும் விற்க முடியாது, வாங்கினாலும் அங்கே வீடு கட்ட முடியாது. வகுப்பே என்னைப் பார்த்தது. மயிலாத்தாள் கண்ணை மூடி நின்ற கதையை என்னிடம் கேட்டிருந்த ஆரோக்கியம் மேப்பைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“அக்கா, அந்தம்மா பார்க்குக்குள்ள சமையக்கட்டு கட்டிருச்சே.”

நெய்க்காரப்பட்டிக்கு ஒரு பஸ்

மேனேஜரிடம் போனேன். “அதெல்லாம் மாத்தி வாங்கிருவோம். நீங்க பார்ட்டிய மட்டும் கூட்டிட்டு வாங்க” என்றார். அனுமதியை மாற்றி வாங்கும்வரை அந்த மனையைக் காட்ட மாட்டேன் என்றேன். அப்படியென்றால் எந்த மனையையும் காட்ட வேண்டாம் என்றுவிட்டார். அவ்வளவுதான், பத்து வருஷ வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

அட்வான்ஸ் இன்னும் கைமாறவில்லை, தண்டபாணிக்குப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொல்வது பாதியில் நிறுத்திக்கொள்ள வசதியானது. எனவே நெய்க்காரப்பட்டி போகப் பழனி பஸ்ஸில் ஏறினேன். வழியில் ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது ஜன்னலில் அந்தப் புல்வெளி தெரிந்தது. வெயிலில் அலையலையாக அசைந்துகொண்டிருந்தது. நிஜமாகவே பூங்காவுக்கு ஏற்ற இடம்தான்.

தண்டபாணி வீட்டில் மோர் கொடுத்தார்கள். குடிக்காமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மயிலாத்தாள் எழுந்து உள்ளே போய்விட்டார். ஒரு நோட்டோடு திரும்பி வந்தார். பென்சிலில் அவரே போட்ட வீட்டு வரைபடம், துளசி மாடம் வரைக்கும் இருந்தது. என்னிடம் காட்டவில்லை, மடியில் மூடி வைத்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தண்டபாணி யோசித்து, மரியாதை குறையாமல் ஒன்று கேட்டார்:

“இதுக்கு முன்னால வித்துக் குடுத்தீங்களே, அதெல்லாம் பாத்தீங்களாங்க?”

நிறுத்தி நிறுத்திப் படித்தது

பார்த்திருக்கவில்லை. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வந்து மறுபடி போனை எடுத்தேன். இந்த முறை மிக்சியில் சாய்க்கவில்லை. பழைய மனை ஒவ்வொன்றின் காகிதத்தையும் தரையில் பரப்பி, அந்தப் பெண்ணின் பாடத்தை வரிக்கு வரி நிறுத்திக் கேட்டேன். நேர் வகுப்பில் இப்படி நூறு தடவை நிறுத்தச் சொன்னால் துரத்தியிருப்பார்கள். புரியாததை ஞாயிறு மாடியில் வக்கீலிடம் கேட்டேன். ஒரு மாதம் இப்படிப் போனது. இடமெல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு வீட்டில் மட்டும் பட்டா இன்னும் பழைய ஆள் பெயரிலேயே கிடந்தது. அவர்களைத் தேடிப்போய்ச் சொல்லி, மாற்றும்வரை கூடவே அலைந்தேன். அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பரீட்சையில் ஆரோக்கியமும் நானும் பாஸானோம். அவருக்கு என்னைவிட இரண்டு மார்க் கூட. அதை அவர் இன்னும் மறக்கவிடவில்லை.

சான்றிதழ் வந்த வாரம் தண்டபாணி கூப்பிட்டார். வேறொரு இடத்தில் மனை பார்த்திருக்கிறார்களாம், நான் வர வேண்டுமாம். போனால், அவர் மகள் இரண்டு மேப்பையும் வண்டி சீட்டில் விரித்து, விரலை வைத்துக் கட்டம் கட்டமாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தேன். மயிலாத்தாள் என் கையைப் பிடித்து அமர்த்தினார்:

“அதெல்லாம் பிள்ளை பாத்துக்குவாளுங்க. நீங்க வாங்க, எங்கூட செத்த நேரம் நடங்க.”

ஆன்லைனா நேரிலா என்று இப்போது என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம், எதில் சேர்ந்தாலும் பாதிப் பாடத்தில் மனசு வெளியே போகத்தான் போகிறது, அது திரும்பி வரும்போது யாராவது மேஜையைத் தட்டுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள் என்பதுதான்.