எந்த வரிசையைத் திறப்பது?

காசு கொடுத்துத் தாங்களே பழம் பறிக்கத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்குப் பின்னால் அவள் குனிந்தபடியே நடக்கிறாள். மிதிபட்ட இலையை நிமிர்த்துகிறாள். மண்ணைத் தொடும் ஸ்ட்ராபெரிக்கு அடியில் ஒரு பிடி வைக்கோலைச் செருகுகிறாள். யாரோ கடித்துப் பார்த்து இலைக்கடியில் ஒளித்த பழத்தை வாளியில் போட்டுக்கொண்டே, "இழுக்காதீங்க, காம்பைக் கிள்ளுங்க. இழுத்தா செடியே கூட வந்துடும்" என்கிறாள்.

வாசலில் டப்பா கொடுக்கும் மகள் அங்கிருந்தே கத்துவாள்: "அம்மா, அவங்க பழம் பறிக்க வந்திருக்காங்க, பாடம் படிக்க இல்ல!"

"நீ டப்பாவைப் பாருடி."

தோட்டத்தில் அவள் மூக்கை நுழைக்காத இடம் ஒன்றுதான்: எந்த வரிசையைத் திறப்பது என்பது. அது கணவரின் இலாகா. மேகமூட்டமான வாரங்களில் பழம் காம்புவரை சிவந்துவிடும், இனிப்பு ஏறியிருக்காது. கண்ணை நம்ப முடியாது. அதனால் காலையில் வரிசைக்கு ஒரு பழம் தின்று பார்த்து, இனித்த வரிசையின் குறுக்கே கட்டிய கயிற்றை மட்டும் அவிழ்த்து ஆட்களை உள்ளே விடுவார்.

போன மாதம் அவருக்குச் சளிக் காய்ச்சல் வந்தது. போகும்போது நாக்கின் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சமையலில் அவள் உப்புப் போட மறந்த அன்று, ஒரு கல் குறைந்தாலே முகம் சுளிக்கிற மனிதர், தலையாட்டிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவராகச் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடிய நேரம்தான் சரியில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். வழக்கம்போல மென்று பார்ப்பதாகப் பாவனை செய்து, நிறத்தை நம்பி ஒரு வரிசையைத் திறந்துவிட்டார். ஒரு சின்னப் பெண் தன் அப்பாவின் உள்ளங்கையிலேயே பழத்தைத் துப்பியது. நிறைந்த டப்பாக்களைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் பலர் போய்விட்டார்கள். "என்னப்பா இது?" என்று மகள் கேட்டபோது, அவர் அந்த வரிசையின் கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

இன்று காலை அவர் வரிசைப் பக்கமே போகவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருக்கிறார்.

அவள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். "ஏங்க, ஆளுங்க வர்ற நேரமாச்சு. எந்தக் கயித்தை அவிழ்க்க?"

"இனிமே நீயே பாத்துக்க. என் நாக்கு செத்துப்போச்சு."

"அது எனக்கு நீங்க உப்பில்லாம சாப்பிட்ட அன்னைக்கே தெரியும்."

நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"இருந்தேன். தப்புதான். எந்தப் பாத்தி எப்போ வெயில் வாங்குது, எந்தச் செடியில எடுத்துப் பாக்கணும், அதெல்லாம் எனக்கெங்க தெரியும்? நாக்கு நான் தர்றேன், நீங்க நடங்க. எனக்கு நாக்கு நீளம்னு உங்கம்மாவே சொல்லியிருக்காங்கல்ல."

சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார். முதல் வரிசையில் நாலைந்து செடிகளைத் தாண்டிப் போய், இலையை விலக்கி ஒரு பழத்தைக் கிள்ளினார். சட்டையில் துடைத்து அவள் வாயருகே நீட்டினார். பாதி கடித்தாள். அவர் அவள் புருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுடைய ஒரு கண் புளிப்பில் தானாக மூடிக்கொண்டது.

கயிற்றைத் தொடாமல், மிச்சப் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வரிசைக்கு நடந்தார்.