வேறொருத்தி செருப்பில் நடந்தபோது வலிக்கவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குத் தனியாகப் போயிருந்தேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில், நாள் முழுக்க நின்றபடி வேலை எனக்கு. வலது கால் பெருவிரலின் அடிமூட்டில் எலும்பு கோலிக்குண்டு மாதிரி புடைத்து, விரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்திருந்தது. கம்பெனி ஷூவுக்குள் காலை விட்டாலே உயிர் போகும். மஞ்சள் பற்றுப் போட்டேன். ரப்பர் பேண்டால் விரலை இழுத்துக் கட்டினேன். விரல் நீலமானதுதான் மிச்சம். டாக்டரிடம் போனால் எலும்பை அறுத்துவிடுவார் என்று பயம்.

தரிசனம் முடிந்து, குவியலில் என் பிரவுன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தேன். வலியே இல்லை. அம்மனுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன்.

"யக்கா, நில்லு. என் செருப்ப போட்டுக்கினு எங்க போற?"

என் வயதுப் பெண் ஒருவர், சுடுகிற ரோட்டில் வெறுங்காலோடு ஓடி வந்தார். கையில் ஓங்கியபடி அதே பிரவுனில் ஒரு ஜோடிச் செருப்பு. அடிக்கத்தான் வருகிறார் என்று கூட்டம் கூடிவிட்டது.

நானும் விடவில்லை. "இது என்னுதுதான். என் காலுக்கு எப்படிப் பொருந்துது பாரு" என்று பாதத்தை நீட்டினேன்.

குனிந்து பார்த்தவர் முகம் மாறிவிட்டது. தன் காலை என் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே புடைப்பு, அதே சாய்வு. அவர் கையில் இருந்ததுதான் என் செருப்பு. சண்டை பார்க்க வந்தவர்கள் ஏமாந்து கலைந்தார்கள்.

"உனுக்கும் பனியனா?" என்றார்.

"எங்க ஊட்டுக்காரர் போடுறதா?"

"அய்ய, இந்த நோவுக்கு டாக்டருங்க இங்கிலீஷ்ல சொல்ற பேரு யக்கா அது."

சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு விவரமாகச் சொன்னார். முன்பக்கம் அகலமான செருப்பு, விரலிடுக்கில் சிலிகான் துண்டு, கொஞ்சம் கால் பயிற்சி. "ஆபரேஷன் பண்ணாம எலும்பு நேராவாதாம். ஆனா நோவு இப்டியே அடங்கிச்சின்னா ஆபரேஷன் இன்னாத்துக்குன்னாரு டாக்டரு."

நான் செருப்பைக் கழற்றப் போனேன். "பஸ் வர்ற வரிக்கும் போட்டுக்கினு வா" என்று சொல்லி, என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு கூடவே நடந்தார். "இந்த செருப்ப போட்டா மனுசி நடப்பாளா?"

அடுத்த வாரமே திருவள்ளூரில் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுத்துவிட்டு அவரும் அதையேதான் சொன்னார். கம்பெனியிலும் கேட்டு அகலமான ஷூ வாங்கிக்கொண்டேன். புடைப்பு அப்படியே இருக்கிறது. வலி பெரும்பாலும் இல்லை.

அந்தப் பெண்ணின் பேரைக்கூடக் கேட்கவில்லை. ஆனால் இப்போதும் யாராவது என்மேல் கோபமாகப் பாய்ந்து வந்தால், பதிலுக்குப் பாயும் முன் ஒரு நிமிடம் வந்தவர் முகத்தைப் பார்த்து நின்றுவிடுகிறேன்.