அக்காவின் வீட்டிலிருந்து கியூபெக்குக்கு

எங்கள் நான்கு பேரில் எவரிடமும் அதுவரை பாஸ்போர்ட் இருந்ததில்லை. கொழும்புக்குப் போய்வருவதே எங்களுக்குப் பெரிய பயணம். அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் வந்த அக்கா, "ஆகஸ்ட் லீவுக்குப் புள்ளைகளக் கூட்டிட்டு இஞ்ச வா புள்ள" என்று சொல்லி முடிப்பதற்குள் என் மகள் கொப்பியும் பேனையுமாக வந்து நின்றாள்.

அக்கா மொன்றியலில் இருக்கிறாள். சண்டைக் காலத்தில் கலியாணம் முடித்த கையோடு அத்தானுடன் போனவள், பிறகு ஊர்ப்பக்கம் திரும்பவேயில்லை. அம்மா செத்தபோதும் வரவில்லை. எங்களைத் தன் வீட்டில் ஒரு கிழமை வைத்திருந்துவிட்டு, காரில் மூன்று மணித்தியாலம் ஓடி கியூபெக் நகரத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். அது சுற்றிவர மதில் கட்டிய பழைய நகரமாம். கடைக்காரன் முதல் பஸ் ஓட்டுகிறவன் வரை பிரெஞ்சுதான் பேசுவானாம். மேல் நகரத்திலிருந்து கீழ் நகரத்துக்கு, மலைச்சரிவில் கம்பி இழுக்கும் ஒரு பெட்டியில் இறங்கலாமாம். எட்டு வயது மகனுக்கு அந்தப் பெட்டி ஒன்றே போதுமாக இருந்தது.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. எதையும் எழுதிவைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. முதல் நாள் மதில், இரண்டாம் நாள் ஆற்றங்கரை, மழை பெய்தால் அருங்காட்சியகம், தம்பி அழுதால் ஐஸ்கிரீம் என்று பக்கம் பக்கமாகப் போட்டாள். போனைப் பார்த்து இருவரும் பிரெஞ்சு படித்தார்கள். எங்கள் ஊர் ஆரையம்பதியில் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவருக்கு மகன் தினமும் "போன்ஜூர்" சொல்ல, அவர் ஒருநாள், "மனே, நான் இண்டைக்குக் கொண்டுவந்தது கெளுத்தி மட்டுந்தான்" என்றார். நான் சிரித்த கடைசி நாட்களில் அது ஒன்று.

ஒரு சனிக்கிழமை மகளின் கட்டளைப்படி நடைப்பழக்கத்துக்காக மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவுக் கோட்டைக்குப் போனோம். மதிலோரம் நடந்தோம். மகன் பீரங்கியில் ஏறக்கூடாது என்று சொல்லியும் ஏறினான். வாவி அன்று சாம்பல் நிறமாகக் கிடந்தது, தூறல் விடவேயில்லை. "கியூபெக் மதில் இதவிடப் பெரிசா?" என்று கேட்டான். பெரிது என்றேன். "அப்ப இத ஏன் நடக்கிறம்?" என்றான். கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தேன்.

வினை விசா விண்ணப்பத்தில் வந்தது. புளியந்தீவில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற கடைக்காரர் அனுபவசாலி. "முழுக் குடும்பமும் போனா, திரும்பி வருவாங்களா எண்டு யோசிப்பாங்க. ஐயா நிக்கட்டும்" என்றார். என் கணவருக்கு அதில் மனவருத்தம் இல்லை. வெல்லாவெளி வயல்வட்டையில் அவருடைய நெல் ஆகஸ்டில்தான் அறுவடைக்கு வரும். அது தெரிந்துதான் அவர் தொடக்கத்திலிருந்தே எங்கள் திட்டத்தில் வாயைப் போடாமல் இருந்தார். கடைக்காரர் அடுத்து, "சொத்து இருந்தா நம்புவாங்க. வீட்டுப் பத்திரம், உறுதியக் கொண்டு வாங்க மிஸ்" என்றார்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைச் சொல்லவேண்டும். நான் அரசாங்கக் கந்தோரில் காணிக் கிளையில் இருபது வருடமாக இருக்கிறேன். வருகிறவர்களிடம் நான் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லும் வசனம், "உறுதியக் கொண்டு வாங்க" என்பதுதான். கொண்டுவராதவர்களைப் பார்த்து முகத்தைச் சுளித்திருக்கிறேன். ஒரு கிழவரை, "குடியிருக்கிற வீடு ஆர்ட பேர்ல எண்டும் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறேன். அன்று பின்னேரம் இரும்பு அலுமாரியைத் திறந்து, அம்மாவின் சேலைகளுக்கு அடியிலிருந்து உறுதியை எடுத்தேன். அக்காவின் பெயர்தான் இருந்தது.

எனக்குத் தெரியாதென்று சொன்னால் அது பொய். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மூத்தவளுக்குக் கலியாணம் வந்தால் தாய் தகப்பன் இருக்கிற வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, பின்வளவில் அடுத்தவளுக்கு ஒன்று கட்டத் தொடங்குவார்கள். மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில் இருப்பார். அக்காவுக்கு இந்த வீட்டை எழுதினார்கள். எனக்குக் கிணற்றடிக்குப் பின்னால் அத்திவாரம் போட்டார்கள். அது எழும்புவதற்கு முன் அப்பா செத்துப்போனார். அக்கா வெளிநாட்டில், வீடு வெறுமையாக, அம்மாவும் நானும் அதிலேயே இருந்துவிட்டோம். எனக்குக் கலியாணப் பேச்சு வந்தபோது அம்மா, "வீடு இவளுக்குத்தான்" என்று வாயால் சொன்னாள். அக்காவும் போனில், "நான் வந்து எழுதித் தாறன்" என்றாள். பிறகு யாரும் அதைப் பேசவில்லை. கூரை மாற்றினேன், நிலத்துக்கு டைல்ஸ் போட்டேன், என் வீடு என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அக்காவிடம் எழுதித் தா என்று கேட்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் என்னைக் கெடுத்தது.

உறுதியைக் கணவரிடம் காட்டினேன். வீடு இருக்கிறதென்று சொல்லித்தானே அவரை இந்த வாசலுக்குக் கூட்டிவந்தார்கள். அவர் வாசிக்காமலே திருப்பித் தந்தார்.

"எனக்குத் தெரியும். கலியாணத்துக்கு முதலே எங்கட ஆக்கள் பதிவுக் கந்தோர்ல தேடிப் பார்த்தவங்க."

"பிறகேன் ஓமெண்டு சொன்னீங்க?"

"அக்கா எழுதித் தருவா எண்டு நினைச்சன். உன்னட்டக் கேட்டா உனக்குக் கவலையாப் போயிரும் எண்டு விட்டுட்டன்."

இத்தனை வருடம் அவரும் கேட்கவில்லை. வெட்கப்பட்டவள் நான் மட்டுமில்லை.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு அக்காவை அழைத்தேன். விசாவுக்கு உறுதி தேவைப்படுகிறது, அவளுக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட ஒரு அற்றோணித் தத்துவம் அனுப்பினால் வீட்டை என் பெயருக்கு எழுதிக்கொள்ளலாம் என்று, கந்தோரில் பேசுகிற குரலிலேயே சொன்னேன்.

"வீட்டப் பத்தி உன்னோட நேர கதைக்கத்தான் வரச்சொன்ன நான்" என்றாள் அக்கா. "என்ட மூத்தவளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கு புள்ள. அம்மா எனக்குத் தந்தத நான் அவளுக்குத்தானே குடுக்கணும். இஞ்ச நாங்க வாடகை வீடு. வேற என்னத்த நான் அவளுக்கு எழுதுற?"

"அவளுக்கு மட்டக்களப்பு எந்தப் பக்கம் எண்டு தெரியுமா அக்கா?"

"அதுக்கு அவ என்ன செய்யிற? நம்மட முறை அதுதானே."

முறை அதுதான். அக்காவின் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன், அதனால்தான் ஆத்திரம் இன்னும் கூடியது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். "சரி அக்கா, வந்து கதைப்பம்" என்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு இந்தப் பயணத்தில் எனக்கும் ஒரு திட்டம் இருந்தது. போன் என்றால் அக்கா வெட்டிவிடுவாள், முகத்துக்கு நேரே என்றால் மாட்டாள். என் மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்று சொல்லி வீட்டைக் கேட்பேன். மதிலில் நடக்கும்போது கேட்பதா, ஆற்றங்கரையில் இருந்து சாப்பிடும்போது கேட்பதா என்று மகளின் பட்டியலைப் பார்த்து இடம் தேடினேன். பிள்ளைகள் போனில் அந்த நகரத்துப் படங்களில் பீரங்கியைத் தேடிக்கொண்டிருந்தார்கள், நான் ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அவர்களுடைய சந்தோசத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

விண்ணப்பத்தில் சொந்த வீடு என்று போடச் சொன்னார் கடைக்காரர். காணிக் கிளையில் இருந்துகொண்டு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அக்காவின் வீட்டில் குடியிருப்பதாகவே எழுதினேன். ஆறு கிழமை கழித்து மறுத்துவிட்டார்கள். நான் திரும்பி வருவேன் என்று நம்புவதற்கு என் ஊரில் எனக்கென்று போதிய பிடிமானம் இல்லை என்பது அந்தக் கடிதத்தின் சாரம். மகன் உருண்டு அழுதான். மகள் அழவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், அன்றைக்கு அவள் சாப்பிடவும் இல்லை.

அக்கா செய்தி கேட்டு உண்மையாகவே அழுதாள். "நீ கவலப்படாத புள்ள. கலியாணம் முடிஞ்சோண்ண நாங்க எல்லாரும் அங்க வாறம்" என்று சொல்லிவிட்டு, போனைத் தன் மூத்த மகளிடம் கொடுத்தாள். என் பெறாமகளை அதற்குமுன் படங்களில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நல்ல வடிவான பிள்ளை, முகம் அப்படியே என் அம்மா. பிரெஞ்சு இழுவையில், ஒவ்வொரு சொல்லாக யோசித்து யோசித்துத் தமிழ் பேசினாள். வாவியில் தோணி ஓடலாமா, பாடுமீன் சத்தம் கேட்குமா, கோட்டை பார்க்க எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எதிலோ குறித்துக்கொண்டாள். என் மகள் பக்கத்தில் நின்று, கடிதம் வந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக உற்சாகமாகப் பதில் சொன்னாள்.

பிறகு அந்தப் பிள்ளை ஒன்று கேட்டது. அதில் கள்ளமில்லை, நாங்கள் சிரமப்படக்கூடாதே என்கிற அக்கறைதான் இருந்தது.

"சித்தி, நாங்க எல்லாரும் வந்தா, நீங்க எங்க இருப்பீங்க?"

அக்கா பின்னால் நிற்பது திரையில் தெரிந்தது. அவள் குனிந்துகொண்டாள். இத்தனை கிழமையாக மனப்பாடம் செய்த வசனத்தைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. என் மகள் என் பதிலுக்காக முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சதான் மகள்" என்றேன். "உங்கட வீட்டுலதான் ஒரு பக்கமா இருப்பம்."