ஏரம்பமூர்த்தி நிரப்பிய முதல் படிவம்

ஏரம்பமூர்த்தியின் மனைவிக்கு மூன்று வருடமாகக் கண் போய்க்கொண்டிருந்தது. ஒரே வீடு, ஒரே மேசை, ஒரே கட்டில். மனுசனுக்குத் தெரியாது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், வயது போனவர்களில் யாருக்குக் கண் போகிறது, யாருக்குக் காது போகிறது, யார் எத்தனை வருடம் பிறர் கையை எதிர்பார்த்து இருக்கப்போகிறார்கள் என்று கணக்கெடுப்பதுதான் ஆக்லாந்தில் அவர் பார்த்த உத்தியோகம். அதற்குச் சம்பளமும் வாங்கினார்.

கொழும்பில் புள்ளிவிபரத் திணைக்களத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர். இன்ன வயதுக்காரருக்கு இன்னும் இத்தனை வருடம் என்று சொல்லும் ஆயுள் அட்டவணை என்றால் மனுசனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஓய்வு பெற்றபின் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் மனைவி ரதிதேவியோடு மகன் சஞ்சீவனிடம் வந்து சேர்ந்தார். மகன் ஆக்லாந்தின் வடகரையில் கிளென்ஃபீல்ட் என்ற பகுதியில் மோர்ட்கேஜ் போட்டு வீடு வாங்கியிருந்தான். விடிய ஆறரைக்குத் துறைமுகப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவான். சும்மா இருக்க ஏரம்பமூர்த்திக்கு ஏலாது. டெலிவிஷனில் மழைச் செய்தி சொல்கிறவரோடுகூடத் தர்க்கம் பண்ணினார்.

தொண்ணூற்றேழில் நகரத்தில் ஓர் ஆராய்ச்சிக் குழு ஆள் தேடியது. இருபது வருடம் கழித்து இந்த ஊரில் முதியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், மிச்ச ஆயுளில் எத்தனை வருடம் தங்கள் அலுவலைத் தாங்களே பார்ப்பார்கள், எத்தனை வருடம் இன்னொருவர் உதவி வேண்டும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். வீட்டு உதவிக்கு ஆளும் தாதிமாரும் வாகனமும் அந்தக் கணிப்பை வைத்துத்தான் ஒதுக்கப்படும். தமிழ் வீடுகளுக்குப் போய்க் கேட்டு எழுத ஒரு தமிழர் தேவை. ஏரம்பமூர்த்தி கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போய் அந்த வேலையை வாங்கிவிட்டார்.

படிவத்தில் இருபத்தாறு கேள்விகள். தனியாகக் குளிப்பீர்களா, பத்திரிகை எழுத்துத் தெரிகிறதா, படி இறங்க ஆள் வேண்டுமா என்று போகும். நம்மவர் வீட்டில் இதையெல்லாம் கேட்டுப் பாருங்கள், தெரியும். எப்சம் என்ற பகுதியில் சோதிலிங்கம் என்ற எண்பது வயதுக்காரரிடம் கேட்டார். பதில் மகளிடமிருந்து வந்தது.

"அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை அங்கிள். நாங்கள் எல்லாம் பாக்கிறம்."

சோதிலிங்கம் தலையாட்டினார். பிறகு அவரைக் கதிரையிலிருந்து எழுப்ப இரண்டு பேர் பிடித்தார்கள். ஏரம்பமூர்த்தி அதைக் கண்ணால் கண்டார். கண்டும் 'சிரமம் இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார். பிள்ளைகள் தாங்கும்போது அது எப்படிச் சிரமமாகும்? சிரமம் என்று எழுதினால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கல்லவா மானக்கேடு. அவர்கள் வைத்த தேத்தண்ணியையும் வடையையும் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் இதே கதைதான்.

சரி, மற்ற வீடுகளிலாவது ஒப்புக்குக் கேட்டார். அவர் நிரப்பிய முதல் படிவம் தன் சொந்த வீட்டுக்கு. ரதிதேவி, வயது அறுபத்திரண்டு. அவள் அடுப்படியில் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். இவர் சாப்பாட்டு மேசையில் இருந்து நாலே நிமிடத்தில் இருபத்தாறு புள்ளடியும் போட்டு முடித்தார். முப்பத்தாறு வருடம் சேர்ந்து வாழ்ந்த மனுசியை என்னத்தைக் கேட்பது என்ற நினைப்பு.

முப்பத்தெட்டு வீடு முடிந்ததும் குழுவின் தலைவி பார்பரா அவரைக் கூப்பிட்டாள். படிவங்கள் அவளுடைய மேசையில் கிடந்தன.

"மூர்த்தி, உங்கள் ஆட்களில் ஐம்பத்தொரு முதியவர்கள். ஒருவருக்கும் ஒரு சிரமமும் இல்லை. சாகும் நாள்வரை எல்லோரும் ஓடித் திரிகிறார்கள். இப்படி ஒன்றை நான் உலகத்தில் எங்கும் பார்த்ததில்லை."

ஏரம்பமூர்த்தி அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். எங்கள் குடும்பங்கள் அப்படி என்று ஒரு சின்னப் பிரசங்கமும் வைத்தார். பார்பரா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, பத்து வீட்டுக்கு ஒரு வீடு இன்னொருவர் போய்த் திரும்பக் கேட்பது வழமை, அதிலும் முதியவரைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும் என்றாள். குலுக்கி எடுத்த நாலு வீடுகளில் ஒன்று ஏரம்பமூர்த்தியின் வீடாக இருந்தது.

வந்தவள் லூசியா. மன்னார்ப் பக்கத்துப் பெண். பகலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, கிடைக்கும் நேரத்தில் இந்தக் கணக்கெடுப்பு. சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினாள். ஏரம்பமூர்த்தி மேசைத் தலைமாட்டில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"அண்ணை, நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ. அக்காவோட தனியக் கதைக்கவேணும்."

"நான்தானே பிள்ளை இந்தப் படிவத்தை நிரப்பினது. என்ன சந்தேகமெண்டாலும் என்னைக் கேளும்."

"ஓம் அண்ணை. அதாலதான் சொல்லுறன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனார். பின்பக்கத்து மரத்தளத்தில், அடுப்படி ஜன்னலுக்குக் கீழே கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்தார். ஜன்னல் திறந்திருந்தது. ஒட்டுக்கேட்க அவர் நினைக்கவில்லை, காதில் விழுந்தது.

"பேப்பர் எழுத்துத் தெரியுமோ அக்கா?"

"ஒரு சொல் தெரியும். பக்கத்துச் சொல்லைத் தேடவேணும்."

"படி?"

"பின்பக்கம் எட்டுப் படி. எண்ணி எண்ணி இறங்குவன்."

"றோட்டைத் தனியக் கடப்பியளோ?"

"மாட்டன். கார் முன்னுக்கு வந்து நிண்டாப் பிறகுதான் எனக்குத் தெரியும். இடது கண்ணில ஒண்டுமில்லைப் பிள்ளை. வலதில ஒரு குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரிக் கொஞ்சம் தெரியும்."

"எவ்வளவு காலமா?"

"மூண்டு வரியம் இருக்கும்."

லூசியா எழுதுவதை நிறுத்தியிருக்க வேண்டும். பேனையை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"வீட்டில ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"இவருக்குச் சொன்னனான். வயது போனா எல்லாருக்கும் வாறதுதானே எண்டார். கணக்குத் தெரிஞ்ச மனுசன், சரியாத்தான் இருக்குமெண்டு விட்டிட்டன்."

அவள் சொன்னது நினைவிருக்கிறதா என்று ஏரம்பமூர்த்தி தேடினார். ஐயோ, நினைவிருந்தது. பத்திரிகையிலிருந்து தலை நிமிர்த்தாமல்தான் அந்தப் பதிலைச் சொல்லியிருந்தார்.

மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. ஊர்க் கடிதம் வந்தால், "நீங்களே வாசியுங்கோ, உங்கட குரலில கேட்டாத்தான் நல்லம்" என்பாள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிப்பார். கிளென்ஃபீல்ட் கடைத்தொகுதியில் நடக்கும்போது அவர் கையை இறுகப் பிடித்துக்கொள்வாள். கலியாண வீடுகளில் இளசுகள் அதைச் சொல்லிப் பகிடி பண்ணும்; இவருக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கும். கிழவயதில் மனுசிக்கு என்மேல் இப்படி ஓர் ஆசை என்று நினைத்துத் திரிந்திருக்கிறார், மடையன். தேத்தண்ணி கோப்பைக்கு வெளியே ஊற்றுப்பட்ட நாளில் கவனமில்லாத மனுசி என்று ஏசியும் இருக்கிறார்.

எழும்பி உள்ளே வந்தார்.

"ஏன் ரதி எனக்கு ஒழுங்காச் சொல்லேல்லை?"

"ஒழுங்காச் சொல்லுறதெண்டா எப்பிடி? படிவத்திலயோ?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. லூசியா தன் படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

"அண்ணை, கதையைப் பிறகு பாருங்கோ. திங்கக்கிழமையே டொக்டரிட்டக் கொண்டுபோங்கோ. மிச்சம் இருக்கிறதாவது நிக்கவேணும்."

திங்கட்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக பார்பராவுக்குத் தொலைபேசி எடுத்தார். முப்பத்தெட்டு வீட்டுப் படிவங்களையும் கிழித்துப் போடுங்கள், ஒன்றுகூட உண்மையில்லை, நான் ஒருவரையும் கேட்கவில்லை என்றார். அவள் ஏதோ ஆறுதல் சொன்னாள். அது அவர் காதில் ஏறவில்லை.

குடும்ப டொக்டர் பார்த்த கையோடு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அந்த வாரமே ஒரு கண் டொக்டர், இளம் பெடியன்தான், ரதிதேவியின் தாடையை ஒரு கருவியில் வைத்துக் கண்ணை நெடுநேரம் பார்த்தார். இருவரையும் முன்னால் இருத்தி நிதானமாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கொன்றுவிட்டது. போன பார்வை திரும்பாது. வலது கண்ணில் மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்தால் பிடித்து வைக்கப் பார்க்கலாம். உறுதி சொல்ல முடியாது.

"மூன்று வருடத்துக்கு முதல் வந்திருந்தால்?" என்று ஏரம்பமூர்த்தி கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அப்போதே மருந்து தொடங்கியிருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம்" என்றார் டொக்டர்.

ரதிதேவிக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. என்ன சொல்லுறார் என்று கேட்டாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடச் சொல்லுறார் என்று மட்டும் சொன்னார். ஆனால் அவர் குரலில் எல்லாம் தெரிந்திருக்கும். மூன்று வருடமாக அவருடைய குரலை வைத்துத்தானே அவள் அவரைப் பார்த்திருக்கிறாள்.

கார் நிறுத்துமிடத்தில் அவளை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். அவள் பெல்ட்டின் கொளுக்கியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பூட்டிவிட்டார்.

"உங்கட கணக்கில, அறுவத்திரண்டு வயது மனுசி இன்னும் எத்தினை வரியம் இருப்பாள்?" என்றாள்.

"விடும் அதை."

"சொல்லுங்கோ. அதுதானே உங்கட வேலை."

"இருவத்திரண்டு."

அவள் அதை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"அதில எத்தினை வரியம் உங்கட முகத்தைப் பாப்பன்?"

அட்டவணையில் அதற்கும் ஒரு நிரல் இருந்தது. உதவி வேண்டாத வருடங்கள் என்ற அந்த நிரலிலும், அவர் போட்டுக் கொடுத்த இருபத்தாறு புள்ளடியின்படி, ஒரு வருடம் குறையாமல் இருபத்திரண்டு என்றே வரும்.

"தெரியாது ரதி" என்றார். ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சின்னப்பிள்ளை மாதிரி அழத் தொடங்கினார். ரதிதேவி அவரைத் தொடக் கையை நீட்டினாள். கை முதலில் கியரில் முட்டியது, பிறகு ஸ்டியரிங்கில், அதற்குப் பிறகுதான் அவருடைய தோளில்.