பால்பேணிக்குள் சிவப்பும் வெள்ளையும்

துறைமுகத்தடி ஆஸ்பத்திரியில் அந்த டொக்டரின் மேசையில் ஒரு பால்பேணி, வெறும் தகர டின், இருந்தது. உள்ளே சிவப்பு மணியும் வெள்ளை மணியும் சரிபாதி. மலேரியாவுக்கு இரண்டு மருந்துகளில் எது நல்லதென்று அவருக்கே தெரியாது. சம்மதித்த நோயாளி பார்க்காமல் கையை உள்ளே விட்டு ஒரு மணி எடுப்பார். நிறத்துக்கேற்ற மருந்து கிடைக்கும். சுகம் வந்தால் எடுத்த மணியோடு அதே நிறத்தில் இன்னொரு மணியும் பேணிக்குள் விழும். ஒருவர் மணி எடுக்கும்போது மட்டும் டொக்டர் தன் மெலிந்த முகத்தைத் துறைமுகப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

சண்டை தொடங்குமுன் மூதூரிலிருந்து கடல் கடந்து வந்த கடைசி லோஞ்சில், மலேரியாவோடு கிடந்த என் மனுசனைக் கொண்டுவந்து சேர்த்தேன். அவர் எடுத்தது வெள்ளை. அவர் பிழைக்கவில்லை. சண்டையில் பாதை பூட்டுப்பட்டுப் பிந்தி வந்த அயலவர்கள் பேணிக்குள் கையை விட்டபோது உள்ளே நிறையச் சிவப்பு. அவர்கள் சுகமாகி வீடு போனார்கள்.

"முந்தி வந்தது பிழையோ, டொக்டர்?"

"இல்லையம்மா. முந்தி வந்தவையாலதான் எது நல்ல மருந்தெண்டு எங்களுக்குத் தெரிஞ்சது."

"அவர் உங்களுக்குப் படிப்பிக்க வரேல்ல. உயிர் தப்ப வந்தவர்."

"ஓம்," என்றார், என் கண்ணைப் பார்த்து.

அன்றைக்கும் துறைமுகப் பக்கம் திரும்பியிருந்தால், நான் அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.